இதயத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்: உழவர் சந்தையில் வாங்கி, அடுப்பில் காப்பாற்றி, தட்டில் சேர்க்க முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் மாதம், அவருடைய மாத்திரை டப்பாவைத் துடைக்க எடுத்தேன். ராத்திரி போட வேண்டிய, கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. பக்கத்தில் வைட்டமின் ஈ கேப்ஸ்யூல், நெல்லிச்சாறு இரண்டு பாட்டில், இதயத்துக்கு என்று சொல்லி விற்ற ஒரு பொடி. "இதுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குதும்மா, அடைப்ப கரைச்சிடுமாம். அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்றார். நன்றாகப் பேசத் தெரிந்த யாரோ அவரை நம்ப வைத்திருக்கிறார்கள்.

அன்றே டாக்டரிடம் பேசி மாத்திரையை மறுபடி தொடங்கினோம். ஆனால் அப்பா கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. செடிகொடியில் இதயத்தைக் காக்கும் பொருள் இருக்கிறது என்பது பொய் இல்லை. எதில் இருக்கிறது, எவ்வளவு சாப்பிட வேண்டும், அடுப்பில் எது அழிகிறது, எந்த மருந்தோடு எது மோதுகிறது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் அவர் பாட்டிலை நம்பினார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சமையலறையை நாங்கள் மாற்றிக்கொண்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் கிடைக்கும் பொருளை வைத்தே எல்லாவற்றையும் செய்யலாம்.

படி 1: குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேவனாம்பட்டினம் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு உப்புக்காற்று இரும்பு கேட்டை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக்சிஜனேற்றம் என்பது அந்தத் துருவுக்கு உறவான வேலைதான். அதைத் தடுக்கும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து தங்கும்போது, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. உடம்பின் காவல் செல்கள் அவற்றை வேற்றுப்பொருள் என்று எண்ணி விழுங்குகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரை போல உப்பிப்போன அந்தச் செல்கள் சேர்ந்துதான் குழாய்ச் சுவரில் படிவு உண்டாகிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அந்த உறைவு இதயக் குழாயை அடைப்பதைத்தான் மாரடைப்பு என்கிறோம். டேனியல் ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1989இல் இந்த ஆக்சிஜனேற்ற விளக்கத்தை விரிவாக எழுதிய பிறகு, இதைத் தடுத்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது.

இரும்பு கேட் உவமை இதோடு நின்றுவிடும். கேட்டுக்கு வெளியிலிருந்து பெயின்ட் அடிக்கலாம். ரத்தக்குழாயின் உள்பூச்சோ உயிருள்ள செல்களால் ஆனது. எண்டோதீலியம் என்று பெயர். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது, ரத்தம் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. கீரையிலும் வெங்காயத்திலும் நாவல்பழத்திலும் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. அவ்வளவு சிறிய அளவு நேரடியாகத் துருவைத் துடைக்கப் போதாது. அவை அந்த உள்பூச்சைத் தூண்டி நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்க வைக்கின்றன, அழற்சியைத் தணிக்கின்றன, குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன என்பதுதான் இன்றைய புரிதல். அதே கீரையில் பொட்டாசியமும் நார்ச்சத்தும் சேர்ந்தே வருகின்றன. இதில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்து ஒரு குப்பியில் அடைக்க முடியாது.

ஒரு பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமையைக் காட்டும் "ஓராக்" மதிப்பெண் எத்தனை ஆயிரம் என்று அட்டையில் அச்சிட்டு விற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சோதனைக் குழாயில் எடுத்த அந்த அளவு மனித உடம்பில் நடப்பதைக் காட்டவில்லை என்று அமெரிக்க வேளாண் துறை 2012இலேயே தன்னுடைய ஓராக் பட்டியலை நீக்கிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள்.

படி 2: பாட்டிலை ஓரமாக வையுங்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காசும் உயிரும் போகிற இடம் இது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைச் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 1996இல் அமெரிக்காவில் இதே மாதிரி இன்னொரு ஆய்வைத் தீங்கு தெரிந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். 2000இல் வந்த "ஹோப்" ஆய்வில் வைட்டமின் ஈ மாத்திரை மாரடைப்பைக் குறைக்கவில்லை. அதையே நீட்டித்துப் பார்த்தபோது இதயம் பலவீனமாவது கூடியது என்று 2005இல் தெரிந்தது. பிரிட்டனில் 20,536 பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து வருடம் கொடுத்தார்கள். 2002இல் வந்த முடிவு: ஒரு பலனும் இல்லை. அதே ஆய்வில் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் தெளிவாகக் குறைந்தன. அப்பா ஒதுக்கி வைத்த மாத்திரை அந்த வகையைச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக அவர் போட்ட கேப்ஸ்யூல் தோற்றுப்போன வகை.

உணவாகச் சாப்பிட்டால் கதை வேறு. 52 நாடுகளில் நடந்த "இன்டர்ஹார்ட்" ஆய்வு 2004இல் வெளியானது. தினமும் காய்கறி பழம் சாப்பிடுவதை, மாரடைப்புக்கு எதிராகக் காக்கும் பழக்கங்களில் ஒன்றாக அது கண்டது. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த "பிரெடிமெட்" ஆய்வு 2013இல் வந்தது. 2018இல் கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். காய், பழம், பருப்பு நிறைந்த உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்தவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே யாரும் ஒரு சத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. முழுச் சாப்பாட்டையும் மாற்றினார்கள்.

படி 3: மூன்று நாள் எடைபோடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் வீட்டில் இப்போது எவ்வளவு காய் உள்ளே போகிறது என்று பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கும் முன், தோல் காம்பு நீக்கிய பிறகு எடை போட்டு, வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு கணக்கில் வராது.

நாங்கள் நிறையக் காய் சாப்பிடும் குடும்பம் என்று நினைத்திருந்தேன். மூன்று நாள் சராசரி எடுத்தால் ஆளுக்கு 140 கிராம்தான் வந்தது. சாம்பாரில் மிதக்கும் மூன்று முருங்கைக்காய்த் துண்டில் நாம் உறிஞ்சும் சதை எத்தனை கிராம் இருக்கும் என்று வழித்தெடுத்து எடை போட்டுப் பாருங்கள், புரியும். உலக சுகாதார நிறுவனம் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி கீரை உட்பட 400 கிராம் காய், கூடவே 100 கிராம் பழம் என்கிறது. 140இலிருந்து ஒரே வாரத்தில் 400க்குத் தாவ வேண்டாம், வயிறு உப்பிக்கொள்ளும். வாரத்துக்கு 50 கிராம் வீதம் கூட்டினால் குடலும் பழகும், வீட்டு ஆட்களும் பழகுவார்கள்.

இந்த மூன்று நாளுக்குள் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள் மூன்றையும் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

படி 4: சந்தையில் நிறம் பார்த்து வாங்குங்கள்

உழவர் சந்தைக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய கீரையில் வைட்டமின் சி மணிக்கு மணி குறையும். கூடையில் குறைந்தது நான்கு நிறம் இருக்க வேண்டும். செடியின் நிறம்தான் பெரும்பாலும் அதிலுள்ள பொருளுக்கு அடையாளம்.

பச்சையில் தினம் ஒரு கீரை. முருங்கைக்கீரைக்கு முதலிடம் கொடுப்பேன். பீட்டா கரோட்டினும், குவர்செட்டின் என்ற பாலிஃபீனாலும் நிறைந்த கீரை இந்தக் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு வேலியோரம் நிற்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். கீரையில் இருக்கும் நைட்ரேட்டுக்குத் தனி வேலை உண்டு. நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு செய்துகொள்கிறது. பீட்ரூட்டும் இதே வழியில்தான் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குகிறது. தினமும் கிருமிநாசினி மவுத்வாஷ் கொப்பளிப்பவர்களுக்கு அந்த பாக்டீரியாக்கள் செத்து இந்தப் பலன் குறையும். பல் டாக்டர் சொல்லாமல் அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கருநீலமும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருளின் அடையாளம். கத்திரிக்காய்த் தோல், நாவல்பழம், கருப்புக்கவுனி. கத்திரிக்காயின் நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. சிதம்பரம் கொத்சு செய்யும்போது சுட்டுத் தோலை உரித்தால் அது போய்விடும், எண்ணெயில் வதக்கிச் செய்யும் முறையில் தோலும் சேரும். ஆனி ஆடியில் நாவல்பழம் தெருவுக்குத் தெரு வரும். அந்த இரண்டு மாதம் ஆப்பிளை மறந்துவிடுங்கள்.

சிவப்பில் தக்காளி, கொய்யா, தர்பூசணி. சிவப்புக் கொய்யாவில் லைகோபீன் என்ற சிவப்பு நிறப்பொருளும் இருக்கிறது. எந்தக் கொய்யாவானாலும் 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்பதால் நடுத்தரமான பழத்தில் பாதியே அன்றைய கணக்கை முடித்துவிடும். சாற்றுப் பாட்டிலுக்குக் கொடுத்த காசை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வெள்ளை என்று ஒதுக்க வேண்டாம், சின்ன வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் தனி மரியாதை உண்டு. நெதர்லாந்தில் 65 முதல் 84 வயது வரையுள்ள ஆண்கள் 805 பேரைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 1993இல் வெளியானது. டீ, வெங்காயம், ஆப்பிள் மூன்றிலிருந்தும் ஃபிளவனாய்டு என்ற பாலிஃபீனால் வகையைக் கூடுதலாகப் பெற்றவர்கள் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. நம் வீட்டுப் புளிக்குழம்பில் போகும் வெங்காயம் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டதற்குக் குறைந்ததாக இருக்காது.

இந்த மாவட்டத்துக்கே உரிய இரண்டு பொருளைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று முந்திரி. பண்ருட்டிப் பக்கம் பங்குனி, சித்திரையில் முந்திரிக்காட்டில் நடந்தால் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் தரையில் அழுகிக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிடுகிறோம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அந்தப் பழத்தில் இருக்கிறது. தொண்டையைக் கரகரக்க வைப்பது அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். கொட்டையைக் கத்தியால் நீக்கிவிட்டு, பழத்தை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் கரகரப்பு பெரும்பாலும் அடங்கும். ஆறியதும் நறுக்கி மிளகுத்தூள் தூவிச் சாப்பிடலாம். பச்சைக் கொட்டையை மட்டும் பல்லால் கடித்துவிடாதீர்கள், ஓட்டிலுள்ள எண்ணெய் உதட்டைப் புண்ணாக்கிவிடும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்த மரங்களை வேரோடு சாய்த்தபோது ஊரே அழுதது. அவ்வளவு அருமையான மரத்தின் பழத்தை இன்னும் மண்ணில் விடுகிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

முந்திரிப்பருப்பு கொழுப்பு, இதய நோயாளி தொடக்கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். சென்னையில் சர்க்கரை நோயாளிகள் 300 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதியினர் தினம் 30 கிராம் உப்பில்லாத முந்திரியை 12 வாரம் சாப்பிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் குறைந்தது, நல்ல கொழுப்பான எச்டிஎல் கூடியது, எடை ஏறவில்லை. நெய்யில் வறுத்து உப்புத் தூவியதற்கும், அல்வா மேல் பதித்ததற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாவது மல்லாட்டை. வேர்க்கடலை என்று புத்தகத்தில் எழுதினாலும் நம் பக்கம் அது மல்லாட்டைதான். விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று ரகங்களை வெளியிட்டிருக்கும் பூமி இது. மேலேயுள்ள சிவப்புத் தோலில்தான் பாலிஃபீனால் அதிகம், அதை ஊதித் தள்ளாதீர்கள். ஓட்டோடு அவித்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

படி 5: அடுப்பில் காப்பாற்றுங்கள்

நல்ல கீரையை வாங்கிவந்து சமையலில் தொலைப்பதுதான் அதிகம் நடக்கிறது. எங்கள் வீட்டில் மிகுந்த பலன் கொடுத்தது இந்தப் படிதான்.

கீரையை முழுதாக அலசிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். நறுக்கி அலசினால் தண்ணீரில் கரையும் சத்தெல்லாம் சிங்க்கில் போகும். குறைந்த தண்ணீரில், மூடிபோட்டு, சீக்கிரம் வேகவைத்து இறக்குங்கள். வெந்த நீரை வடித்துக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடுங்கள். நிறம் பச்சையாக நிற்கட்டும் என்று சோடா உப்பு போடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். காரம் வைட்டமின் சி-யை அழிக்கும், சோடியம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும்.

கரோட்டின், லைகோபீன் இரண்டும் கொழுப்பில் கரைபவை. எண்ணெயே இல்லாமல் கேரட்டைப் பச்சையாகக் கடித்தால் உள்ளே சேர்வது கொஞ்சம்தான். ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கினால் செல்சுவர் இளகி உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். தக்காளித் தொக்கு சமைக்காத தக்காளியைவிட லைகோபீனைத் தாராளமாகத் தருவது இதனால்தான். முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காயோ மல்லாட்டைப் பொடியோ தூவுவது ருசிக்காக வந்த வழக்கம் என்றாலும் கரோட்டினுக்கும் அது துணை.

வைட்டமின் சி நேர் எதிர். சூட்டில் போய்விடும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். நெல்லிக்காயை வேகவைக்காமல், தயிரில் அரைத்துப் பச்சடியாக வையுங்கள்.

பூண்டை நசுக்கி 10 நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு எண்ணெயில் போடுங்கள். நசுங்கும்போதுதான் ஒரு நொதி வேலை செய்து, பூண்டுக்குப் பலன் தரும் அல்லிசின் உண்டாகிறது. முழுப்பல்லாகக் கொதிக்கும் குழம்பில் போட்டால் நொதி அப்போதே செத்துப்போகும்.

வெங்காயத்தின் குவர்செட்டின் வெளி அடுக்குகளில் குவிந்திருக்கிறது. காய்ந்த சருகை மட்டும் உரியுங்கள், அதோடு சதையடுக்கு ஒன்றையும் சேர்த்துப் பிய்க்காதீர்கள். கொதியில் கொஞ்சம் குவர்செட்டின் நீரில் இறங்கும், சாம்பாரிலும் குழம்பிலும் அந்த நீரையும் சேர்த்தே சாப்பிடுவதால் நஷ்டமில்லை.

கருப்புக்கவுனியை ஒருமுறை வேகமாகக் கழுவிவிட்டு, பிறகு இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊறிய நீர் ஊதாவாக மாறும். அந்த நிறம்தான் நாம் காசு கொடுத்து வாங்கியது. அதே நீரில் வேகவையுங்கள். பாசிப்பயறு முளைகட்டினால், காய்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாத வைட்டமின் சி புதிதாக உண்டாகும். பொரியலில் கடைசியாகச் சேர்த்து ஒரு புரட்டு புரட்டினால் போதும்.

மஞ்சளைக் கொஞ்சம் எண்ணெயோடும் மிளகோடும் சேர்ப்பது நம் கை வழக்கமே. மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது, மிளகிலுள்ள பைப்பரின் அதைக் கூட்டுகிறது. குழம்பு அளவோடு நிறுத்துங்கள். குர்குமின் மாத்திரையை நிறையச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

படி 6: எண்ணெய்ச் சட்டி

ஒரு பக்கம் கீரை தின்றுவிட்டு மறுபக்கம் நாலுமுறை காய்ந்த எண்ணெயில் பஜ்ஜி பொரித்தால் வேலை வீண். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயே ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்புதான். கடைகளில் எண்ணெய் கெடக் கெடக் கூடும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது, ஆகவே ஒருமுறை பொரித்த எண்ணெயைத் தாளிக்க மட்டும் ஒன்றிரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நல்லெண்ணெய், மல்லாட்டை எண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றி அளவாக ஊற்றுங்கள். நல்லெண்ணெய் சீக்கிரம் கெடாததற்கு அதிலேயே இருக்கும் லிக்னான், சேசமால் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களும் காரணம்.

படி 7: ஒரு நாள் தட்டு இப்படி இருக்கும்

காலையில் இட்லி மூன்று, சட்னியைவிடக் காய் சாம்பார் இரு மடங்கு. வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழும் நாலைந்து சின்ன வெங்காயமும். கூழுக்குக் கருவாடு இல்லாமல் எங்கள் அப்பாவுக்கு இறங்காது. வாரத்துக்கு ஒருநாள், சிறு துண்டு, நன்றாக ஊறவைத்து உப்பை அலசி என்று சமாதானம் செய்துகொண்டோம். பத்து மணிக்குக் கொய்யா பாதி. பழமாகக் கடிக்க வேண்டும், ஜூஸ் போட்டால் நார் போய்ச் சர்க்கரை சட்டென்று ஏறும்.

மதியம் தட்டில் பாதி இடம் காய்க்கு. ஒரு கீரை, ஒரு பொரியல், அதற்குப் பிறகு மிச்சமுள்ள இடத்தில் சோறு. நாங்கள் சோற்றை முதலில் போடாமல் கடைசியில் போடப் பழகினோம். அந்த ஒரு மாற்றத்திலேயே காயின் அளவு கூடிவிட்டது. சாயங்காலம் மல்லாட்டையோ முந்திரியோ ஒரு கைப்பிடி, சர்க்கரை குறைத்த டீ. ரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தைத் தடுக்கும். ராத்திரி சப்பாத்தியோ தோசையோ, தக்காளித் தொக்கும் முளைப்பயறும். புதுச்சேரிக்காரர்கள் ராத்திரிக்கு ரொட்டி வாங்கும் வழக்கம் இருந்தால் வெள்ளை ரொட்டியைக் குறைத்து, கூடவே ஒரு கிண்ணம் பருப்பும் காயும் வையுங்கள்.

உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாயும் அப்பளமும் தினம் இருந்தால் அந்தக் கணக்கு நிற்காது. புகையும் வாயில் அடக்கும் புகையிலையும் தொடர்ந்தால் இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் ஈடுகட்டாது.

படி 8: மருந்தோடு மோதுபவை

ஸ்டென்டோ வால்வோ வைத்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் சாப்பிடுபவர்களுக்குக் கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை நிறுத்தவும் கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது. வாரா வாரம் ஒரே அளவாக வைத்துக்கொண்டு, கூட்ட நினைத்தால் டாக்டரிடம் சொல்லி ஐஎன்ஆர் என்ற ரத்த உறைதல் பரிசோதனை பார்த்துக் கூட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பூண்டு, இஞ்சி, மஞ்சள் கேப்ஸ்யூல்களை அவற்றோடு சேர்த்தால் ரத்தக்கசிவு கூடலாம். சமையலில் போடும் அளவுக்குப் பயமில்லை.

பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் சிம்வாஸ்டாட்டின், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியவை. சாத்துக்குடியும் எலுமிச்சையும் வழக்கமான அளவில் சாப்பிடலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டன் சாப்பிடுபவர்களில் சிலருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அவர்கள் கீரை, வாழைப்பழம், இளநீர் அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். "இளநீர் குளிர்ச்சிதானே" என்று தினம் இரண்டு குடிப்பது அவர்களுக்கு இதயத்துடிப்பையே குலைக்கலாம். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, அதையும் இவர்கள் தொடக்கூடாது. ஸ்டார் ஃப்ரூட் சிறுநீரக நோயாளிகளுக்கு விஷம்.

மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். என் அப்பா மறைத்தார், திட்டுவார்களோ என்ற பயத்தில்.

படி 9: மூன்று மாதம் கழித்து

அதே நோட்டை எடுத்து அதே மூன்று பரிசோதனையையும் மறுபடி செய்யுங்கள். 1997இல் வெளியான "டாஷ்" ஆய்வில் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த உணவு எட்டு வாரத்தில் மேல் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 5.5 புள்ளி இறக்கியது. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு 11.4 புள்ளி. அப்பாவுக்கு மூன்று மாதத்தில் 6 புள்ளி குறைந்தது. எல்டிஎல்லும் இறங்கியது, ஆனால் அதில் பெரும்பங்கு ஸ்டாட்டினுடையது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அளவு நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது, கடலூர்ப் பக்கம் உள்ளவர்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் வாயு என்று சொல்லி இஞ்சிச்சாறு அரைக்க உட்காராதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் "இதயம் காப்போம்" திட்டத்தில் 2023 முதல் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எது பக்கம் என்று இன்றே பார்த்து, அந்த வழியை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் 108உம், டாக்டரின் எண்ணும், அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் எழுதிய தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழேதான் வாரத்துக்கு எந்த நாள் எந்தக் கீரை என்ற பட்டியல். அதை எழுதியது அப்பா.